மேலதிகாரி அவமானப்படுத்தும்போது மனசை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் வேலைக்குச் சேர்ந்து, தையல் லைன் சூப்பர்வைசராக இருந்து, இப்போது ஒரு கார்மென்ட் கம்பெனியில் நல அலுவலராக இருக்கிறேன். என் அறைக்கு வருகிறவர்கள் தலைவலி மாத்திரை கேட்டுத்தான் வருவார்கள். மாத்திரையைக் கையில் வாங்கிய பிறகும் எழுந்து போக மாட்டார்கள். அப்போது கதவைச் சாத்துவேன். அப்படி அவர்கள் கேட்டவையும், ஐடி கம்பெனியிலும் ஜவுளிக்கடையிலும் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் போனில் கேட்டவையும்தான் இங்கே இருக்கின்றன. யார் கேட்டது என்று தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

"கத்துவாரு, ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாரு"ன்னு எங்க மேனேஜரைப் பத்திச் சொல்றாங்க. எது சாதாரணத் திட்டு, எது கொடுமை?

ஷிப்மென்ட் அன்றைக்கு யாருக்கும் குரல் உயரும். கண்டெய்னர் வாசலில் நிற்கிறது, பேக்கிங் முடியவில்லை, துணி வாங்கும் பையர் ஆபீஸிலிருந்து போன்மேல் போன். அன்றைக்குக் கத்தியவர் மறுநாள் வந்து "நேத்து கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனால், அதை நான் கொடுமைக் கணக்கில் எழுத மாட்டேன்.

அமெரிக்க மேலாண்மை ஆய்வாளர் பென்னட் டெப்பர் 2000-ஆம் ஆண்டு இதற்கு ஒரு வரையறை கொடுத்தார். கை வைக்காமல், சொல்லாலும் நடத்தையாலும் மேலதிகாரி தொடர்ந்து காட்டும் பகைமை என்பது அதன் சாரம். தொடர்ந்து என்ற சொல்தான் அதில் முக்கியம். அவர் தயாரித்த 15 கேள்விகளில் கத்துவதைத் தவிர வேறு பலவும் இருக்கின்றன. நாலு பேர் முன்னால் மட்டம் தட்டுவது, பேசாமலே ஒதுக்கி வைப்பது, பழைய தப்பைக் கிளறிக்கொண்டே இருப்பது, நம் வேலையைத் தன் வேலையாகக் காட்டிக்கொள்வது, வேறு யார் மேலோ இருக்கும் கோபத்தை நம் மேல் இறக்குவது. குரலை உயர்த்தாமல் சிரித்துக்கொண்டே இத்தனையும் செய்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் மாட்டியவர்களுக்கு வெளியே சொல்வதுகூடக் கஷ்டம்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. பேச்சு நீங்கள் தைத்த பீஸைப் பற்றியதா, உங்கள் பிறப்பையும் உடம்பையும் வளர்ப்பையும் பற்றியதா என்று பாருங்கள்.

அவர் திட்டுறப்ப சிரிச்ச முகமா "சரிங்க சார்"னு நிக்கிறேன். எனக்கு ரோஷமே இல்லையா அக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் குறைவு. ரோஷம் இல்லாதவருக்கு இந்தக் கேள்வியே தோன்றாது, கண்ணு.

1983-இல் ஆர்லி ஹோக்ஷீல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதினார். பயணி எரிந்து விழுந்தாலும் அவர்கள் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் சம்பளம். அதற்கு அவர் உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தார். மூட்டை தூக்கினால் தோள் வலிப்பது மாதிரி, உள்ளே எரியும்போது முகத்தை அமைதியாக வைத்திருந்தாலும் அலுப்பு வரும். லைனில் நீங்கள் காட்டும் அந்த "சரிங்க சார்" முகமும் உழைப்புதான். வாடகையும் பிள்ளைகள் ஃபீஸும் அந்த முகத்தில் இருக்கின்றன. அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஹோக்ஷீல்டு இரண்டு வகை நடிப்பைச் சொல்கிறார். ஒன்று முகத்தில் மட்டும் நடிப்பது. இன்னொன்று உள்ளே இருக்கும் உணர்ச்சியையே மாற்றிக்கொள்ளப் பார்ப்பது. வாடிக்கையாளரிடம் இரண்டாவது வகை கொஞ்சம் உதவும். பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்துக்கொண்டால் சிரிப்பு தானாக வரும். தினமும் அவமானப்படுத்தும் மேலதிகாரியிடம் அதையே செய்து, "எனக்கு அறிவு பத்தாது, அதனாலதான் திட்டறாரு" என்று மனதைப் பழக்கிவிட்டால் ஆபத்து. ஆறு மாதம் அப்படிப் பழகியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறு கம்பெனிக்குப் போன பிறகும் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கை நடுங்கும். வெளியே எந்த முகத்தையும் வையுங்கள். உள்ளே "இது தப்பு, என்னை இப்படிப் பேசக் கூடாது" என்ற வாக்கியம் மட்டும் அணையாமல் இருக்கட்டும்.

எல்லாத்தையும் அடக்கி வெச்சுக்கறேன். அது உடம்புக்குக் கெடுதியா?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1990-களில் சில சோதனைகள் செய்தார். பார்க்கச் சகிக்காத படக்காட்சியைப் போட்டு, ஒரு குழுவிடம் முகத்தில் எதையும் காட்டாதீர்கள் என்று சொன்னார். முகம் அமைதியாகத்தான் இருந்தது. அருவருப்பு குறையவில்லை. உடம்புக்குள் பதற்றத்தின் அடையாளங்கள் கூடியிருந்தன. பின்னால் நடந்த சோதனைகளில், அடக்கிக்கொண்டு பார்த்தவர்களுக்கு அந்த நேரத்தில் சொல்லப்பட்டது சரியாக நினைவில் நிற்கவில்லை என்றும் தெரிந்தது.

இந்தக் கடைசி விஷயத்தை லைனில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். திட்டு வாங்கிய பெண் தலையை ஆட்டுவாள். "அடுத்த பண்டில் எல் சைஸ், காலர் மாத்திப் போடு" என்று சொல்லிவிட்டுச் சூப்பர்வைசர் நகர்வார். பழைய காலரே போகும். அவள் காது கேட்காதவள் இல்லை, அழுகையைப் பிடித்து நிறுத்துவதில் மொத்தக் கவனமும் போயிருக்கும். அடுத்த திட்டுக்கு அங்கேயே விதை விழுந்துவிடும். "இவளுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது" என்ற பெயர் இப்படித்தான் வருகிறது.

அந்த நிமிடத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். அவர் கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் நெற்றியைப் பாருங்கள். கடைசியில் வேலை சம்பந்தமாக ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், எல் சைஸ் மட்டுமா, எக்ஸ்எல்லும் சேர்த்தா?" அந்தக் கேள்வி உங்கள் கவனத்தைத் திரும்ப பீஸுக்குக் கொண்டுவரும், பேச்சையும் வேலைக்குத் திருப்பும். பிறகு தனியாக இருக்கும்போது உள்ளே இருப்பதற்குப் பெயர் சொல்லுங்கள். கோபமா, அவமானமா, வேலை போய்விடுமோ என்ற பயமா? மூன்றும் வேறு வேறு, மூன்றுக்கும் செய்ய வேண்டியதும் வேறு.

ஆபீஸ் கோவத்தை வீட்டுல குழந்தை மேல காட்டிடறேன்.

இதைப் பற்றி நான் படித்து மட்டும் பேசவில்லை.

செக்கிங்கில் இருந்தபோது ஒரு நாள் மதியம், எண்ணெய்க் கறை பட்ட ஒரு போலோ பீஸ் என் கையைத் தாண்டிப் போய்விட்டது. ஃப்ளோர் இன்சார்ஜ் அதை எடுத்து வந்து என் முகத்தில் எறிந்தார். பட்டன் புருவத்தில் பட்டது. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்றார். சுற்றிலும் நாற்பது பேர். மிஷின்கள் ஒரு நொடி நின்று, திரும்ப ஓடின. பீஸை எடுத்து மடித்து வைத்துவிட்டு "சாரிங்க சார்" என்றேன். டாய்லெட்டுக்குப் போக டோக்கன் வேண்டும், அது வேறு யாரிடமோ இருந்தது, அழக்கூடப் போக முடியவில்லை.

ராத்திரி என் மகள் ரசத்தை நோட்டுப் புத்தகத்தில் கொட்டினாள். யுகேஜி படிக்கிற குழந்தை. ஓங்கி அறைந்தேன். அவள் அழவில்லை. நனைந்த பக்கத்தைப் பாவாடையில் ஒற்றிக்கொண்டே "சாரிம்மா" என்றாள். மதியம் நான் சொன்ன அதே குரல்.

மேலதிகாரியைத் திருப்பி அடிக்க முடியாத கோபம், திருப்பி அடிக்க முடியாதவர்களைத் தேடிப் போகிறது. ஜென்னி ஹூப்ளர், டேனியல் பிராஸ் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதே பாதையைத்தான் காட்டுகிறது: மேலே ஒருவர் மிதிபட்டதாக உணர்ந்தால், கீழே இருப்பவர் மேல் அது இறங்குகிறது, அங்கிருந்து அவருடைய குடும்பத்துக்கு. சில வீடுகளில் இதற்கு நடுவில் டாஸ்மாக் கடையும் வரும்.

எனக்கு உதவியது ஒரு இடைவெளி. ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். சில நாள் பிள்ளையார் கோவில் திண்ணையில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே சொல்லிவிடுவேன்: "அம்மாவுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல சாமி, உன்மேல கோவம் இல்ல." நாலு வயதுக் குழந்தைக்கும் இது புரியும். அடித்துவிட்டீர்கள் என்றால், அந்த ராத்திரியே குழந்தையிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

அழுதுட்டா மரியாதை போயிடுமா?

போகாது. அழுகையைப் பார்த்து ரசிக்கிறவர் முன்னால் மட்டும் வேண்டாம். "ஒரு நிமிஷம் சார், தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்" என்று நகர்ந்துவிடலாம்.

சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் சேர்ந்து அவரைத் திட்டித் தீர்த்துக்கறோம். அது நல்லதுதானே?

பாதி நல்லது. அவருக்குப் பட்டப்பெயர் வைப்பதும், அவரை மாதிரியே நடந்து காட்டிச் சிரிப்பதும் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. உனக்கு மட்டும் நடக்கவில்லை என்று தெரிவதே பெரிய ஆறுதல்.

ஆனால் கொட்டித் தீர்த்தால் கோபம் குறைந்துவிடும் என்று நாம் நம்புவது சரியில்லை. 2002-இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் செய்த சோதனையில், தன்னைக் கோபப்படுத்தியவரையே நினைத்துக்கொண்டு குத்துப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களுக்குத்தான் குறைவாக இருந்தது. தினமும் அதே கதையை அதே சூட்டோடு சொன்னால், தினமும் அதே திட்டை இன்னொரு தடவை வாங்குகிறோம்.

இதற்கு நேர் எதிராகத் தோன்றும் ஒன்றும் உண்டு. கனடாவில் லிண்டி லியாங் குழுவினர், கொடுமைக்கார மேலதிகாரியாகப் பாவித்து ஒரு பொம்மையை ஊசியால் குத்தச் சொல்லிப் பார்த்தார்கள். குத்தியவர்களுக்கு, தமக்கு நேர்ந்த அநியாயம் ஓரளவு சரியானது போன்ற உணர்வு வந்தது. 2018-இல் அதற்கு, சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. பொம்மையைக் குத்தும் அளவுக்கு மனுஷனுக்கு வேண்டியிருப்பது நியாயம் என்றுதான் அதைப் படித்தபோது தோன்றியது.

ஆகவே புலம்புங்கள், கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் "சரி, நாளைக்கு என்ன செய்யலாம்?" என்பதற்கு விடுங்கள்.

அங்கேயே எதிர்த்துக் கேட்டுடலாமா?

கேட்கலாம். கூட்டத்துக்கு நடுவில், அவர் சூட்டின் உச்சியில் இருக்கும்போது கேட்டால் அவர் தன் கௌரவத்தைக் காப்பாற்றுவதில்தான் நிற்பார். அரை மணி கழித்து, முடிந்தால் தனியாக, சின்னதாகச் சொல்லுங்கள். "சார், மூணு பீஸ் தப்பு, அது என் தப்புதான், ஆல்ட்டர் பண்ணிட்டேன். ஆனா எங்க அம்மாவை இழுத்துப் பேசினது எனக்கு வேதனையா இருக்கு. வேலையைப் பத்தி மட்டும் சொல்லுங்க சார்." தப்பை ஒத்துக்கொண்டு, எல்லையைச் சொல்லி, நிறுத்திக்கொள்கிறீர்கள். சிலர் இதற்கே அடங்குவார்கள். அடங்காதவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.

தனியாகப் போவதே பயம் என்றால் போக வேண்டாம்.

எல்லாத்தையும் எழுதி வைக்கச் சொல்றீங்க. எதுக்கு?

இரண்டு நோட்டு வேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது.

முதல் நோட்டு உங்களுக்கு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட சோதனையில், மனதைக் காயப்படுத்தியதைப் பற்றி மாணவர்களை நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதவைத்தார். எழுதும்போது மனசு கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைவு. எழுத்துப் பிழை பார்க்காமல், யாரும் படிக்கப் போவதில்லை என்று எழுதுங்கள். கிழித்துப் போட்டாலும் சரி.

இரண்டாவது நோட்டு புகாருக்கு. அதில் உணர்ச்சி வேண்டாம். தேதி, நேரம், இடம், அவர் சொன்ன அதே வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள். "ரொம்பக் கேவலமாப் பேசினார்" என்று எழுதினால் விசாரணையில் நிற்காது. கூச்சமாக இருந்தாலும் அந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அழிக்காதீர்கள். கம்பெனி லேப்டாப்பில் இதைச் சேமிக்க வேண்டாம்.

சட்டத்துல ஏதாவது வழி இருக்கா?

மேலதிகாரியின் பொதுவான வசவுக்கு என்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. ஜப்பானில் அதிகாரத் தொல்லையைத் தடுக்கும் பொறுப்பை முதலாளி மேல் வைக்கும் சட்டம், பெரிய நிறுவனங்களுக்கு 2020 ஜூனிலும் சிறு நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தது. தென் கொரியா 2019-இல் கொண்டுவந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கை 2019-இல் உருவானது. வேலையிடத்து வன்முறை, தொல்லை எல்லாவற்றையும் அது தொடுகிறது. நமக்கும் அப்படி ஒன்று வந்தாக வேண்டும்.

அதுவரை கையில் இருப்பவை: பேச்சிலோ நடத்தையிலோ பாலியல் சாயல் இருந்தால், பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம்; நம் பக்கம் இன்னும் விசாகா கமிட்டி என்றுதான் சொல்கிறோம். நடந்து 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். சின்னக் கம்பெனி என்றாலோ புகார் முதலாளி மேலேயே என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழிலாளியைச் சாதி பெயர் சொல்லிப் பிறர் முன்னால் இழிவு செய்தால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். மிரட்டலுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 351, பெண்ணின் மானத்தை இழிவு செய்யும் சொல்லுக்குப் பிரிவு 79. 20 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர் இருந்தால் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், கேள்வி கேட்டதுமே சில இடங்களில் குழு பிறந்துவிடும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "இப்பவே ராஜினாமா எழுதிக் குடு" என்றால் "வீட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று வந்துவிடுங்கள்.

நான் ஒருத்தி சொன்னா யாரு கேப்பாங்க?

ஒருத்தி சொன்னால் கேட்பது கடினம்தான், பொய் சொல்ல மாட்டேன். திண்டுக்கல் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். 2021 ஜனவரியில் ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். அவர் தொல்லை கொடுத்துவந்தது கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, சொல்ல இடம் இல்லை. அந்தக் குடும்பத்தோடு பெண்கள் தலைமையில் இயங்கும் டிடிசியூ என்ற தொழிற்சங்கம் நின்றது. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகமும் சங்கமும் எச் அண்ட் எம் என்ற வெளிநாட்டு ஆடை நிறுவனமும் ஒப்பந்தங்கள் போட்டன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். தொழிலாளர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, லைனில் நடக்கும் வசவையும் தொல்லையையும் கண்டு சொல்லப் பயிற்சி கொடுத்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது.

ஒரு பெண் செத்த பிறகுதான் அது வந்தது. அதை நினைக்காமல் இந்தப் பதிலை என்னால் எழுத முடியவில்லை. உங்கள் லைனில் மூன்று பேர் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலே பேச்சின் கனம் மாறும்.

செத்துடலாம்னு தோணுதுக்கா.

இதைப் படித்துக்கொண்டிருப்பது நீங்களாக இருந்தால் மீதியை அப்புறம் படிக்கலாம். 14416-க்கு இப்போதே கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசு உதவி எண், இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 104-க்கும் கூப்பிடலாம். கூடவே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம், யாராக இருந்தாலும் சரி, "என்னைத் தனியா விடாதீங்க" என்று சொல்லுங்கள். நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாம்.

நானே சூப்பர்வைசர்தான். மேல இருந்து திட்டு வருது, நானும் கத்தறேன். வேற எப்படி டார்கெட்டை எடுக்கறது?

நானும் கத்தியிருக்கிறேன். போர்டில் மணிக்கு நூறு என்று எழுதி, எழுபதில் நிற்கும்போது தொண்டை தானாகத் திறக்கும். என் லைனில் இருந்த ஒரு ஹெல்பர் பெண், நான் பக்கத்தில் போனாலே கையில் இருந்த நூல் கட்டரைக் கீழே போட்டுவிடுவாள். நாலாவது தடவை அது விழுந்தபோதுதான் அவள் யாரைப் பார்த்து நடுங்குகிறாள் என்று எனக்கு உறைத்தது. என் முகத்தில் பீஸை எறிந்தவரை நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படி என்னைப் பார்த்தாள்.

மேலே இருந்து வருவதை அப்படியே கீழே இறக்காதீர்கள், வடிகட்டுங்கள். "ஜிஎம் கொதிக்கறாரு" என்பது லைனுக்குத் தேவையில்லாத செய்தி. "நாலு மணிக்குள்ள அறுபது பீஸ் வேணும், எந்த ஆபரேஷன்ல நிக்குது?" என்பது தேவையான செய்தி. பாதி நேரம் மிஷின் கோளாறோ கட்டிங் தாமதமோதான் காரணமாக இருக்கும், அதற்கு டைலர் மேல் கத்தி என்ன பயன்? கத்திவிட்டீர்கள் என்றால், எத்தனை பேர் முன்னால் கத்தினீர்களோ அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேளுங்கள். அந்தப் பெண்ணிடம் நான் அப்படித்தான் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத் தூக்குப்போசியைத் திறந்து "அக்கா, கம்பு தோசை" என்று நீட்டினாள்.

வேலையை விட்டுடலாமா?

தூக்கம் போய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிறு கலங்க ஆரம்பித்து, உங்களுக்கே உங்களைப் பிடிக்காமல் போகிறது என்றால், விடுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம்தான். ஆனால் கோபத்தில் அன்றைக்கே விடாதீர்கள். பிஎஃப் கணக்கில் ஆதாரும் வங்கி எண்ணும் சரியாக ஏறியிருக்கிறதா, அனுபவச் சான்றிதழ் கிடைக்குமா, நிரந்தரத் தொழிலாளி என்றால் கிராஜுவிட்டிக்கான 5 வருடம் முடிய எத்தனை மாதம் என்று பாருங்கள். இரண்டு மாதச் செலவுக்குக் கையில் இருந்தால் நல்லது. உடம்புக்கும் உயிருக்கும் ஆபத்து என்றால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், வந்துவிடுங்கள்.

புதுக் கம்பெனியில மேலதிகாரி எப்படின்னு முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுக்கறது?

வேலை விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நில்லுங்கள். வெளியே வருகிறவர்கள் பேசிக்கொண்டு வருகிறார்களா என்று கவனியுங்கள். டீக்கடைக்காரருக்கு எந்தக் கம்பெனியில் ஆள் நிற்பதில்லை என்று நன்றாகத் தெரியும். இன்டர்வியூவில் "இந்த வேலையில் எனக்கு முன்னாடி இருந்தவங்க எத்தனை மாசம் இருந்தாங்க?" என்று கேளுங்கள், அது நியாயமான கேள்விதான். ஃப்ளோரைச் சுற்றிக் காட்டுவார்கள். மேனேஜர் கடந்து போகும்போது அவரைப் பார்க்காதீர்கள், மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களின் தோளைப் பாருங்கள். தோள் இறுகினால், அடுத்த கம்பெனிக்கு அப்ளிகேஷன் போடுங்கள்.